பிரிஸ்பேன் மேயர் முதல்வரானபோது: கேம்பல் நியூமன், 2004 முதல் 2015 வரை

2012 மார்ச் 24 அன்று நடந்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் லிபரல் தேசியக் கட்சி 89 இடங்களில் 78 இடங்களை வென்றது. அந்த வெற்றிக்குத் தலைமை தாங்கிய கேம்பல் நியூமன் அதுவரை சட்டமன்றத்தில் ஒரு நாள்கூட உறுப்பினராக அமர்ந்ததில்லை. ஓராண்டுக்கு முன்புவரை அவர் மாநிலத் தலைநகரான பிரிஸ்பேன் மாநகரத்தின் மேயர். மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், 2015 ஜனவரி 31 அன்று நடந்த அடுத்த தேர்தலில், அதே கட்சி ஆட்சியை இழந்தது. முதல்வராக இருந்த நியூமன் தன் சொந்தத் தொகுதியிலும் தோற்றார். குயின்ஸ்லாந்தில் பதவியில் இருக்கும் முதல்வர் ஒருவர் தன் தொகுதியையே பறிகொடுத்தது 1915-இல் டிக்பி டென்ஹாமுக்கு நேர்ந்ததற்குப் பிறகு அதுவே முதல் முறை.

நகர நிர்வாகத்தில் ஏழு ஆண்டுகள் பாராட்டுப் பெற்ற ஒருவர் மாநில நிர்வாகத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் மக்களின் நம்பிக்கையை எப்படி இழந்தார் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அவருடைய குணம் மாறிவிட்டது என்று நான் கருதவில்லை. மேயராக இருந்தபோதும் முதல்வராக இருந்தபோதும் அவர் ஒரே ஆள்தான். அவசரமும் உழைப்பும் பிடிவாதமும் ஒன்றுதான். அவரைச் சுற்றி இருந்த தடைகள்தாம் மாறின. மாநகராட்சியில் அவரைத் தடுத்து நிறுத்தக்கூடியவர்கள் இருந்தார்கள். மாநிலத்தில் யாரும் இல்லாமல் போனார்கள்.

பிரிஸ்பேன் மாநகராட்சியின் தன்மையைப் புரிந்துகொள்ளாமல் இதைப் பேச முடியாது. சிட்னி, மெல்பேர்ன் போன்ற பெருநகரங்கள் பல சிறு நகராட்சிகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அங்கே மாநகர மேயர் எனப்படுபவர் நகரின் மையப் பகுதிக்கு மட்டுமே மேயர். பிரிஸ்பேன் அப்படியல்ல. 1925-இல் இருபது உள்ளாட்சி அமைப்புகளை ஒன்றாக இணைத்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள். ஆயிரத்து முந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு, நியூமன் காலத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள், சொந்தப் பேருந்துகள், ஆற்றில் ஓடும் படகுகள், பெரிய வரவு செலவுத் திட்டம் என அது ஒரு சிறு மாநிலத்துக்கு நிகரானது. மேயரை நகர மக்கள் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி என்று பார்த்தால் ஆஸ்திரேலியாவில் அதைவிடப் பெரியது இல்லை. இருந்தும் அந்த நாற்காலி மேலே ஏறும் படியாக அமைந்ததில்லை. 1961 முதல் 1975 வரை மேயராக இருந்து நகருக்குக் கழிவுநீர்க் குழாய்களும் தார்ச்சாலைகளும் தந்த கிளெம் ஜோன்ஸ் 1974-இல் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1985 முதல் 1991 வரை மேயராக இருந்த சாலியான் அட்கின்சன் 1993-இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

நியூமன் அரசியல் குடும்பத்துப் பிள்ளை. 1963-இல் ஹோபார்ட்டில் பிறந்தார். தந்தை கெவின் நியூமன் 1975 ஜூனில் டாஸ்மேனியாவின் பாஸ் தொகுதி இடைத்தேர்தலில் வென்றவர். பிரதமர் விட்லமின் தொழிற்கட்சி அரசின் வீழ்ச்சிக்கு முன்னறிவிப்பாக அந்த முடிவை இன்றும் குறிப்பிடுவார்கள். தாய் ஜோஸ்லின் நியூமன் செனட்டராகவும் பிரதமர் ஹோவர்டின் அரசில் அமைச்சராகவும் இருந்தவர். மகன் டன்ட்ரூன் ராணுவக் கல்லூரியில் பயின்று, ராணுவப் பொறியாளராகப் பணியாற்றி, மேஜர் நிலையில் 1993-இல் விலகினார். பொறியாளர், ராணுவ அதிகாரி என்ற இந்த இரண்டு அடையாளங்களும் அவருடைய அரசியல் பேச்சிலும் நடையிலும் கடைசிவரை ஒட்டியிருந்தன.

2004 மார்ச் 27 அன்று, பிரிஸ்பேனில் பதின்மூன்று ஆண்டுகளாக மேயர் பதவியைக் கையில் வைத்திருந்த தொழிற்கட்சியின் டிம் குவினை அவர் தோற்கடித்தார். போக்குவரத்து நெரிசலே அந்தத் தேர்தலின் மையப் பிரச்சினை. நகரைச் சுற்றி ஐந்து சுரங்கச் சாலைகள் என்ற திட்டத்தை வரைபடத்தோடு முன்வைத்து, ‘செய்து முடிப்பவர் கேம்பல்’ என்ற பொருள்பட ஒரு முழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மன்றத்தை அவரிடம் கொடுக்கவில்லை. 26 வார்டுகளில் 17 தொழிற்கட்சியிடம் இருந்தன. அவருடைய லிபரல் கட்சிக்கு (2008-இல்தான் அது தேசியக் கட்சியோடு இணைந்து லிபரல் தேசியக் கட்சியானது) கிடைத்தவை 9. நிலைக்குழுத் தலைவர்கள் எதிர்க்கட்சியினர். துணை மேயரும் எதிர்க்கட்சிக்காரர். நான்கு ஆண்டுகள் இப்படியே நடந்தது.

இந்த நான்கு ஆண்டுகளைத்தான் அவருடைய வாழ்க்கையை எழுதுபவர்கள் வேகமாகக் கடந்துபோகிறார்கள். என் கணிப்பில் அவருடைய நற்பெயர் கட்டப்பட்டது இங்கேதான். எந்தத் தீர்மானத்தையும் எதிர்க்கட்சியின் வாக்கு இல்லாமல் நிறைவேற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு திட்டத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. காலத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. சிலவற்றைக் கைவிட வேண்டியிருந்தது. மாநில அரசும் தொழிற்கட்சியின் கையில் இருந்ததால் அங்கும் பேசித்தான் ஆக வேண்டும். நகரத்தார் கண்ணுக்கு இதன் விளைவு நன்றாகவே தெரிந்தது: எதிர்க்கட்சி இழுத்துப் பிடிக்கிறது, மேயர் முன்னே தள்ளுகிறார், இரண்டுக்கும் நடுவே வேலை நடக்கிறது. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை எண் இட்டு வாக்களிப்பது அங்குள்ள முறை; 2008 மார்ச் தேர்தலில் அவருக்கு முதல் விருப்ப வாக்குகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு கிடைத்தது. இந்த முறை 16 வார்டுகளோடு மன்றமும் அவர் வசமானது.

சுரங்கச் சாலை விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வூலன்கப்பாவிலிருந்து போவன் ஹில்ஸ் வரை, ஆற்றுக்கு அடியில் 4.8 கிலோமீட்டர் குடைந்து செல்லும் சாலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த பழைய மேயர் கிளெம் ஜோன்ஸின் பெயரை அதற்குச் சூட்டியது நியூமன் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. மாநகராட்சியும் தனியார் முதலீடும் சேர்ந்து கட்டிய சாலை அது. ரிவர்சிட்டி மோட்டார்வே என்ற நிறுவனம் 2006-இல் பங்குச் சந்தையில் பணம் திரட்டி, சுங்கக் கட்டணத்தால் அதை மீட்டுக்கொள்வதாக ஒப்பந்தம். தொடக்கத்திலேயே நாளொன்றுக்கு 60,000 வாகனங்கள் செல்லும், பிறகு அது ஒரு லட்சத்தைத் தாண்டும் என்று மதிப்பீடு சொன்னது. கட்டணமில்லாத தொடக்க வாரங்களில் ஆவலோடு போய்ப் பார்த்த மக்கள், கட்டணம் தொடங்கியதும் பழைய சாலைக்கே திரும்பினார்கள். மதிப்பிட்டதில் பாதி வாகனங்கள்கூட வரவில்லை. கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. 2011 பிப்ரவரியில் நிறுவனம் கடனை அடைக்க முடியாமல் கடன் கொடுத்தவர்கள் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது.

நட்டம் முதலீட்டாளர்களின் தலையில் விழுந்தது. அவர்களில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்ட எளிய மனிதர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. நகரத்துக்கோ சாலை மிஞ்சியது. ஆகவே மேயரின் பெயர் பெரிதாகக் கெடவில்லை. தவறான மதிப்பீட்டின் விலையை வேறு யாரோ கொடுக்கும்படி ஒப்பந்தம் அமைந்திருந்தது. மாநில அரசு நடத்துபவருக்கு அப்படி ஒரு வசதி கிடையாது; மருத்துவமனையில் ஒரு படுக்கை குறைந்தாலும் பள்ளியில் ஓர் ஆசிரியர் குறைந்தாலும் கேள்வி நேரடியாக முதல்வரிடம் வரும். இந்த வேறுபாட்டை நியூமன் போதுமான அளவு உணர்ந்திருந்தாரா என்பது எனக்கு ஐயமே.

அதே காலத்தில்தான் வெள்ளம் வந்தது. 2011 ஜனவரி 13 அதிகாலையில் பிரிஸ்பேன் ஆறு நகர அளவுகோலில் 4.46 மீட்டரை எட்டியது. ஆற்றங்கரையை ஒட்டி நீரில் மிதந்தபடி அமைக்கப்பட்டிருந்த நடைபாதையின் பெரிய கான்கிரீட் துண்டொன்று பிய்த்துக்கொண்டு, இருட்டில் ஆற்றோடு கடலை நோக்கிப் போனது. வழியில் பாலத்தூண்களில் மோதினால் என்னாவது என்று அஞ்சி, ஓர் இழுவைப்படகு அதன் பின்னே சென்று, முட்டித் தள்ளி, கேட்வே பாலத்துக்கு அடியே பத்திரமாகக் கடத்திவிட்டது. வெள்ளம் வடிந்த சனிக்கிழமை காலையில், மண்வெட்டியும் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் மாநகராட்சி குறித்துக் கொடுத்த இடங்களில் வரிசையில் நின்றார்கள். அங்கிருந்து மாநகராட்சிப் பேருந்துகள் அவர்களைச் சேறு நிறைந்த தெருக்களுக்குக் கொண்டு சென்றன. முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கூடத்துச் சேற்றை அள்ளி, நனைந்த மெத்தைகளையும் குளிர்பெட்டிகளையும் தெருவோரம் குவித்தார்கள். ‘சேற்றுப் படை’ என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது.

அந்த நாள்களில் முதல்வர் ஆனா பிளையும் மேயர் நியூமனும் நாள்தோறும் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். இருவரையுமே மக்கள் மதித்தார்கள். ஆனால் தொழிற்கட்சி 1998 முதல் மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்தது. 2009 தேர்தலுக்குப் பிறகு, முன்கூட்டிச் சொல்லாமல், ரயில் சரக்குப் போக்குவரத்து உள்ளிட்ட அரசு உடைமைகளை பிளை விற்றதை மக்கள் மன்னிக்கவில்லை. எதிர்க்கட்சியிலோ அவருக்கு இணையான முகம் இல்லை. அந்த இடைவெளியில்தான் நியூமன் நுழைந்தார்.

2011 மார்ச் 22 அன்று, தான் கட்சித் தலைமைக்குப் போட்டியிடப்போவதாக அறிவித்தார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜான்-பால் லாங்புரூக் விலகினார். ஏப்ரல் தொடக்கத்தில் நியூமன் கட்சித் தலைவரானார். அவருக்கோ சட்டமன்றத்தில் இடமில்லை. எனவே அவைக்குள் எதிர்க்கட்சித் தலைவராக ஜெஃப் சீனி அமர, அவைக்கு வெளியே இருந்து நியூமன் கட்சியை நடத்தும் புதுமையான ஏற்பாடு பிறந்தது. மேயர் பதவி அவருடைய துணையாக இருந்த கிரஹாம் குவிர்க்கிடம் போனது. போட்டியிட நியூமன் தேர்ந்தெடுத்தது தொழிற்கட்சி அமைச்சராக இருந்த கேட் ஜோன்ஸின் ஆஷ்குரோவ் தொகுதி. பத்து லட்சம் மக்களைக் கொண்ட நகரம் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மனிதர், இனி சில பத்தாயிரம் வாக்காளர்களைக் கொண்ட ஒரு தொகுதியை நம்பி இருக்க வேண்டும். அதுவும் எளிதான தொகுதியன்று. அப்போது தொழிற்கட்சி தன் பரப்புரையில் நியூமன் குடும்பத்தின் வணிகத் தொடர்புகளைக் குறிவைத்துத் தாக்கியது. முறைகேடுகளை விசாரிக்கும் ஆணையம் அதில் நடவடிக்கைக்கு உரியது ஏதும் இல்லை என்றது. தாக்குதல் தாக்கியவர்களையே திருப்பி அடித்தது. தேர்தல் முடிந்தபோது தொழிற்கட்சியிடம் மிஞ்சியவை 7 இடங்கள்.

இந்த 78-க்கு 7 என்ற கணக்கு எந்தச் சட்டமன்றத்திலும் பெரியதுதான். குயின்ஸ்லாந்தில் அது இன்னும் பெரியது. ஏனென்றால் அங்கே மேலவை இல்லை. 1922-இலேயே அதை ஒழித்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய மாநிலங்களில் ஓரவை மட்டுமே உள்ளது அங்குதான். கீழவையில் பெரும்பான்மை இருந்தால் ஒரு சட்டத்தை ஒரே இரவில் நிறைவேற்றலாம். அந்த வசதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அம்மாநிலம் முன்னாள் முதல்வர் ஜோ பீல்கி-பீட்டர்சன் ஆட்சியில் அனுபவித்திருந்தது. காவல்துறை ஊழலை விசாரித்த ஃபிட்ஸ்ஜெரால்டு ஆணையம் 1989-இல் அறிக்கை கொடுத்தபின், மேலவை இல்லாத குறையை ஈடுசெய்யத்தான் விசாரணை ஆணையங்களையும் சட்டமன்றக் குழுக்களையும் வலுப்படுத்தினார்கள். நியூமன் அரசு மோதியது பெரும்பாலும் இந்த ஏற்பாடுகளோடுதான்.

தொடக்கமே கடுமையாக இருந்தது. பதவியேற்ற சில நாள்களிலேயே முதல்வர் பெயரில் வழங்கப்பட்டு வந்த இலக்கிய விருதுகளை நிறுத்தினார். மிச்சமான தொகை மாநில வரவு செலவில் ஒரு துளி. எழுத்தாளர்களிடையே எழுந்த கசப்போ நீண்டது. அரசு ஊழியர்கள் தன்னைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்று தேர்தலுக்கு முன் சொல்லியிருந்தார். 2012 செப்டம்பரில் அவருடைய நிதியமைச்சர் டிம் நிக்கல்ஸ் தாக்கல் செய்த முதல் வரவு செலவுத் திட்டம் 14,000 அரசுப் பணியிடங்களைக் குறைத்தது. கடன் சுமை இருந்தது உண்மை. செலவைக் கட்டுப்படுத்த வேண்டிய தேவையும் இருந்தது. ஆனால் 14,000 பணியிடங்கள் என்றால் 14,000 குடும்பங்கள். அவர்களுக்கு உறவினர்கள், அண்டை வீட்டார், அவர்களிடம் பொருள் விற்கும் கடைக்காரர்கள் என்று மாநிலத்தின் எல்லா ஊர்களிலும் அந்தச் செய்தி முகத்தோடும் பெயரோடும் போய்ச் சேர்ந்தது. சொன்ன சொல் மாறியது என்பதே அங்கெல்லாம் பேச்சாக இருந்தது.

2013 செப்டம்பரில் கோல்டு கோஸ்ட்டின் பிராட்பீச் பகுதியில் மோட்டார் சைக்கிள் கும்பல்கள் மோதிக்கொண்டன. மக்களின் அச்சம் நியாயமானது. அக்டோபர் நடுவில் அரசு கொண்டுவந்த சட்டங்கள் சட்டமன்றக் குழுவின் ஆய்வுக்குப் போகாமலே நள்ளிரவு தாண்டிய அமர்வில் நிறைவேறின. குறிப்பிட்ட குற்றங்களைச் செய்தவர் அத்தகைய சங்கத்தின் உறுப்பினராக இருந்தால் உரிய தண்டனைக்கு மேல் 15 ஆண்டுகள், நிர்வாகியாக இருந்தால் மேலும் 10 ஆண்டுகள் என்றது அதில் ஒன்று. அடுத்த மாதம், விசாரணை ஆணையத்தைக் கண்காணிக்கும் சட்டமன்றக் குழு, ஆணையத்தின் தற்காலிகத் தலைவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஆளுங்கட்சி தன் பெரும்பான்மையைக் கொண்டு அந்தக் குழுவையே ஒட்டுமொத்தமாக நீக்கியது. பிரிஸ்பேன் மன்றத்தில் 2004-இல் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நிலைக்குழுக்களில் அமர்ந்திருந்தவர்கள் எதிர்க்கட்சியினர். பெரும்பான்மை தந்த வசதியை அரசு வசதியாக மட்டுமே பார்த்தது என்பதற்கு இந்தக் குழு நீக்கத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2014 முழுவதும் மோதல்களே. அரசு மருத்துவர்களைத் தனி ஒப்பந்தங்களுக்கு மாற்றும் முயற்சி மருத்துவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது. டிம் கார்மடியைத் தலைமை நீதிபதியாக நியமித்தது நீதித்துறைக்குள்ளேயே வெளிப்படையான எதிர்ப்பைக் கிளப்பியது. அவர் ஓராண்டுக்குள் பதவி விலக நேர்ந்தது. பிப்ரவரியில் ரெட்கிளிஃப் இடைத்தேர்தலை அரசு இழந்தது. ஜூலையில் ஸ்டாஃபோர்டு: அங்கே ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்த மருத்துவர் கிறிஸ் டேவிஸ் அரசின் போக்கோடு முரண்பட்டு விலகியிருந்தார். தொழிற்கட்சி நிறுத்திய அறுவை மருத்துவர் அந்தோணி லைனம் 19 விழுக்காடு வாக்குகளைத் தன் பக்கம் திருப்பி வென்றார். அதன்பின் நியூமன் மக்களிடம் வருத்தம் தெரிவித்து, சில முடிவுகளிலிருந்து பின்வாங்கினார். அந்த வருத்தம் உண்மையானது என்றே நம்புகிறேன்; ஆனால் அது வந்தது எண்ணிக்கை வலித்த பிறகு.

இதற்கெல்லாம் மேலே, மின்கட்டமைப்பு, துறைமுகம் போன்ற அரசு உடைமைகளை நீண்ட காலக் குத்தகைக்கு விடும் திட்டத்தோடு அவர் தேர்தலுக்குப் போனார். விற்பனை வேறு, குத்தகை வேறு என்று விளக்கினார். பிளையைத் தோற்கடித்த அதே மனக்குறையை அவரே மறுபடி கிளறினார். மக்கள் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

2015 ஜனவரி 6 அன்று, பள்ளி விடுமுறைக் காலத்திலேயே, தேர்தலை அறிவித்தார். ஆஷ்குரோவில் கேட் ஜோன்ஸ் மீண்டும் நின்றார். முதல்வர் தன் தொகுதியில் தோற்கக்கூடும் என்று கருத்துக் கணிப்புகள் சொல்லத் தொடங்கியதும், கட்சி வென்று அவர் தோற்றால் யார் முதல்வர் என்ற கேள்வி நாள்தோறும் துரத்தியது. அதற்கு அவர் விடை சொல்ல மறுத்தார். 2011-இல் அவையில் இடம் இல்லாமலே தலைமையேற்ற ஏற்பாட்டின் பலவீனம் இப்போது வெளிப்பட்டது: தலைவரின் வலிமை முழுவதும் அவருடைய செல்வாக்கில் இருந்தது, அந்தச் செல்வாக்கு சரிந்தபோது கட்சிக்குள் பிடித்துக்கொள்ள வேறு கிளை இல்லை.

வாக்குமுறையும் அவருக்கு எதிராகத் திரும்பியது. அப்போது குயின்ஸ்லாந்தில் எல்லா வேட்பாளர்களுக்கும் விருப்ப வரிசை எண் இட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவருக்கு மட்டும் ‘1’ போட்டாலும் வாக்கு செல்லும். முன்பு அதனால் பலமுறை பயனடைந்த தொழிற்கட்சி, இந்த முறை எல்லாக் கட்டங்களையும் நிரப்பி ஆளுங்கட்சியைக் கடைசியில் போடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. பசுமைக் கட்சிக்குப் போன வாக்குகளில் பெரும்பகுதி, அடுத்த விருப்பத்தின்படி, அப்படியே தொழிற்கட்சிக்கு வந்து சேர்ந்தது. முடிவில் தொழிற்கட்சிக்கு 44, லிபரல் தேசியக் கட்சிக்கு 42, கேட்டர் கட்சி என்ற சிறு கட்சிக்கு 2, சுயேச்சை ஒருவர். அந்தச் சுயேச்சை பீட்டர் வெலிங்டன் ஆதரவு தர, பிப்ரவரி 14 அன்று தொழிற்கட்சித் தலைவர் அனஸ்தேசியா பலாஷே முதல்வரானார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் தலைமையேற்றபோது அவர் பின்னே இருந்தது ஏழு பேர் கொண்ட கட்சி. நியூமன் ஆட்சியின் கும்பல் தடுப்புச் சட்டத்தை அவருடைய அரசு 2016-இல் நீக்கி, வேறு சட்டத்தைக் கொண்டுவந்தது.

தேர்தல் இரவில் தன் அரசியல் வாழ்க்கை முடிந்தது என்று நியூமன் அறிவித்தார். 2021-இல் லிபரல் தேசியக் கட்சியிலிருந்து விலகி லிபரல் டெமாக்ரட்ஸ் கட்சியில் சேர்ந்து, அடுத்த ஆண்டு செனட்டுக்குப் போட்டியிட்டார், வெல்லவில்லை. வெள்ளம் பிய்த்துக்கொண்டு போன ஆற்றங்கரை நடைபாதையை, மிதக்கும் துண்டுகளாக இல்லாமல் ஆற்றுப்படுகையில் ஊன்றிய தூண்களின்மேல் மாநகராட்சி மீண்டும் கட்டி 2014-இல் திறந்தது. அவர் போட்ட சுரங்கச் சாலையில் வாகனங்கள் இன்றும் ஓடுகின்றன. அதன் நுழைவாயிலில் இருப்பது எதிர்க்கட்சி மேயர் கிளெம் ஜோன்ஸின் பெயர்.